ஒல்லாந்தர் காலத்தில் கிடைத்த தங்கச்சி

பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டிருக்கும் மனிதனிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. அது தட்டையாய், மொறுமொறுவென்று, ஓரமெல்லாம் அரிவாள் மாதிரி இருக்கிற சாமான். திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுத்தால் அதுவும் கூடவே உள்ளே போகும்.

எனக்குப் போனது.

இடம், சாவகச்சேரிச் சந்தையிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் தேவகி வீட்டு விறாந்தை. காலம், இந்தியன் ஆமி வந்திறங்குவதற்கு முந்திய வருசமாக இருக்கலாம். அரசாங்கத்து ஹெலிகொப்டர்கள் எங்கள் தலைக்கு மேலே வண்டு மாதிரித் திரிந்த காலம். நான் முப்பதைத் தாண்டிய விலங்கியல் மாஸ்டர். என் தலைமயிர் நெற்றியைத் தாண்டிப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரியூசன் நடக்கிற ரியூட்டரிகளில் ‘வேலு மாஸ்டர்’ என்றால் தெரியாதவர்கள் இல்லை என்று எல்லோரிடமும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கலியாணத்துக்கு நாள் வைக்கப் போயிருந்தோம். சாதகம் பொருந்திவிட்டது. சீதனப் பேச்சும் முடிந்துவிட்டது. தேவகியின் அப்பா வேலையிலிருந்து இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர். எதைச் சொன்னாலும் வசனம் முடிகிற இடத்தில் உள்ளங்கையால் மேசையில் ‘தட்’ என்று ஒரு முத்திரை குத்துவார். “பெடியன் நல்ல பெடியன்.” தட். “வாற தையிலை வைக்கலாம்.” தட். ஒவ்வொரு தட்டுக்கும் என் மனம் தபால் பொதி மாதிரித் துள்ளி விழுந்தது.

அப்பா காலமாகிவிட்டதால் என் பக்கத்துக்குப் பெரியப்பாதான் தலைவர். மற்ற ஆட்கள் சம்பந்தி வீட்டுக்கு வாழைப்பழச் சீப்போடு போவார்கள். பெரியப்பா வம்ச வரைபடத்தோடு போவார். தடித்த வெள்ளைத் தாள், ஒரு பாய் அளவு. சுருட்டிக் கக்கத்தில் வைத்திருப்பார். உச்சியில் சிவப்பு மையில் ‘வேலாயுத முதலியார், ஒல்லாந்தர் காலம்’ என்று இருக்கும். அதற்குக் கீழே கந்தர், அதற்குக் கீழே வேலாயுதர், அதற்குக் கீழே மறுபடி கந்தர். இப்படி ஏணி மாதிரி இறங்கி வந்து என் அப்பு, அதாவது பாட்டன் வேலுப்பிள்ளையிலும், பெரியப்பாவிலும், என் அப்பா கந்தையாவிலும், கடைசிப் படியில் என்னிலும் முடியும். என் பெயரும் வேலுப்பிள்ளைதான். வேறு என்ன வைப்பார்கள்?

பெரியப்பா மேசையில் தாளை விரித்தார். போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு எழும்பிப் போய், சுவரில் தொங்கிய ஒரு பழைய கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

“உதென்ன, எங்கடை முதலியார் உங்கடை மரத்தின்ரை உச்சியிலை நிக்கிறார்?”

“உங்கடை முதலியாரோ? அவர் எங்கடை ஆளெல்லோ. ஆலடிவளவு வேலாயுதர்.”

“ஓம், ஆலடிவளவு வேலாயுதர்தான். அவரின்ரை மகன் சின்னத்தம்பியர். அந்த வழிதான் நாங்கள்.”

“நாங்களும் அவரின்ரை மகன்ரை வழிதான். எங்கடை ஆள் கந்தர்!”

இரண்டு கிழவர்களும் காணாமல்போன சகோதரர்கள் மாதிரி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் சந்தோசம். வடையை எடுத்து ஒரு கடி கடித்தேன்.

போஸ்ட்மாஸ்டரின் கை மேசையைத் தட்டப் போய் அந்தரத்தில் நின்றது.

“அப்ப கந்தரும் சின்னத்தம்பியரும் அண்ணன் தம்பி. ரெண்டு பக்கமும் ஆம்பிளை வழி.” என்னைப் பார்த்தார். “தம்பி, நீர் என்ரை பிள்ளைக்கு அண்ணன் முறையெல்லோ!”

தட்.

வடை தொண்டையில் நின்றது. பெரியப்பா என் முதுகில் குத்தினார். போஸ்ட்மாஸ்டர் தண்ணீர் கொடுத்தார். கண்ணீர் வழிய நான் இருமிக்கொண்டிருக்கையில், கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று நினைத்து என் நெஞ்சு உருகியது.

அழுகை இல்லை. தேவகி சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கல்லும் இரண்டு கந்தரும்

இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். வயது போனவர்கள் இந்த இடத்தில் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம்.

அண்ணன் தம்பியின் பிள்ளைகள் சகோதரங்கள். அண்ணன் தங்கையின் பிள்ளைகள் மச்சான் மச்சாள். மச்சாளைக் கட்டலாம். சகோதரத்தைக் கட்டுவது பற்றி நினைக்கவே கூடாது. ஆண் வழி அறாமல் வந்தால், இடையில் இருநூறு வருசம் போனாலும் சகோதரம் சகோதரம்தான். அந்த ஆண் வழி எங்கேயாவது ஓர் இடத்தில் அறுந்தால் சகோதரமும் அந்த இடத்தோடு அறுந்தது. எங்கள் ஆட்கள் கண்ட சட்டம் இது.

மேலும், எங்கள் பெயர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது வழக்கம். ஒரு வேலாயுதருக்கு நாலு மகன்மார் என்றால், நாலு பேரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு வேலாயுதர் என்றே வைப்பார்கள். ஒரே ஒழுங்கையில் நாலு வேலாயுதர் ஓடி விளையாடுவார்கள். தாய் சாப்பிடக் கூப்பிட்டால் நாலும் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு கந்தரில் பட்டுத் தெறித்து ஒரு வேலாயுதரில் விழும். அவர் திரும்பி எறிந்தால் இன்னொரு கந்தர்.

தேவகியை எனக்குப் பெரியவர்கள் பேசி வைத்தார்கள் என்றுதான் ஊர் நினைத்தது. உண்மை வேறு. அவள் கணிதம் படிப்பிக்கிற ரீச்சர். நான் கிழமைக்கு இரண்டு தரம் சாவகச்சேரி ரியூட்டரிக்குப் போகிறவன். இருவரும் ஒரே பஸ். ஒருநாள் சனத்துக்குள் நசிபட்டபோது அவளுடைய குடையின் கம்பி என் சேட்டுப் பையைக் கிழித்தது. மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். “சேட்டு ஏற்கெனவே பழசுதானே” என்றாள். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். பிறகு இரண்டு வருசம் தெரியாத ஆட்கள் மாதிரி நடித்து, தரகரை நாங்களே ஏவிவிட்டு, சாதகத்தை நாங்களே முதலில் பொருத்திப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தபோதுதான் ஒல்லாந்தர் காலத்திலிருந்து ஒரு முதலியார் எழும்பி வந்து என் கலியாணத்தின் குறுக்கே படுத்தார்.

அடுத்த பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் வாயைத் திறக்க முன்பே அவள் சொன்னாள்:

“அண்ணை, கொஞ்சம் தள்ளி இருக்கிறியளோ?”

“தேவகி, பகிடி விடுற நேரமே இது? எனக்கு மூண்டு நாளாய்ச் சோறு இறங்கேல்லை.”

“தெரியுது. கன்னம் ஒட்டிப்போச்சு. வடிவாய்த்தான் இருக்கு, அண்ணை.”

“உந்த அண்ணையை விடு!”

முன் சீட்டுக் கிழவி திரும்பிப் பார்த்து, “தங்கச்சியோடை சண்டை பிடியாதையும் தம்பி” என்று புத்தி சொன்னார்.

அதற்குப் பிறகுதான் தேவகி குரலைத் தாழ்த்தினாள். “அப்பா ஒண்டு சொன்னால் மாறாத ஆள். தை மாதத்துக்குள்ளை இதுக்கு ஒரு வழி பாக்காட்டில் வேறை சாதகம் எடுக்கப்போறாராம்.” சிரிக்கவில்லை. “நான் வேறை ஒருத்தரையும் பாக்கமாட்டன். ஆனால் அப்பாவை விட்டிட்டும் வரமாட்டன். ரெண்டையும் யோசிச்சு ஏதும் செய்யுங்கோ.”

எனக்குப் பதற்றம் வந்தால் மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். அந்தக் கிழமை நான் மிதித்த சைக்கிள் தூரத்துக்கு ஜேர்மனிக்கே போய் அகதி அந்தஸ்துக் கேட்டிருக்கலாம். வகுப்பிலும் நிலைமை மோசம். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று ஒரு மாணவி கேட்டதற்கு, “அதுக்கும் இதயம் உடைஞ்சுதான் இருக்கும் பிள்ளை” என்று சொன்னேனாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பிலிப்பு

என் முதல் திட்டம் எளிமையானது. நாட்டில் இத்தனை வேலாயுதர் இருக்கையில், இரண்டு வீட்டுத் தாளிலும் இருப்பவர் ஏன் ஒரே ஆளாக இருக்கவேண்டும்? இரண்டு ஆட்கள் என்று காட்டிவிட்டால் உறவே இல்லை. உறவில்லாவிட்டால் தடையும் இல்லை.

பெரியப்பாவிடம் இருந்தது, ஒல்லாந்தரின் காணித் தோம்பிலிருந்து அவருடைய அப்பா காலத்தில் அரசாங்கக் கச்சேரியில் யாரையோ பிடித்துப் பார்த்தெழுதிய பிரதி. எங்கள் பரம்பரைக் காணியான ஆலடிவளவு ஆரிடம் இருந்தது என்று காலத்துக்குக் காலம் பதிந்த பெயர்கள். ஒல்லாந்தர் எங்களுக்கு விட்டுப்போன சாமான்களில் தோம்பு ஒன்று, வேலை பார்க்கிற கந்தோர் ஒன்று, மேசையில் இழுக்கிற லாச்சி ஒன்று, கக்கூசு ஒன்று. நாலையும் இன்றுவரைக்கும் பாவிக்கிறோம். நாலிலும் அதிகம் தலையிடி தந்தது தோம்புதான்.

எங்கள் பிரதியில் அவர் வெறும் வேலாயுதர். பெண்சாதி சின்னாச்சி. போஸ்ட்மாஸ்டரின் சட்டத்துக்குள் இருந்த நியமனப் பத்திரத்துப் பெயர்களைத் தேவகி எழுதி அனுப்பியிருந்தாள். அதில் அவர் ‘தொன் பிலிப்பு வேலாயுதர்’. பெண்சாதி ‘தொன்னா மரியாள்’.

அதைக் கண்டதும் நான் போட்ட கூச்சலில் பெரியம்மா குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு ஓடி வந்தார். ஒருவர் சைவம், மற்றவர் வேதக்காரர், கிறிஸ்தவர்! ஒருவருக்குச் சின்னாச்சி, மற்றவருக்கு மரியாள்! வேர்வை துடைக்கக் கைலேசைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். நாவற்குழிப் பாலத்தில் எதிர்க்காற்று. பாடிக்கொண்டே மிதித்தேன். உப்புக் காற்றில் வாயைத் திறந்து பாடினால் பூச்சி போகும் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

போஸ்ட்மாஸ்டர் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, அந்தக் காலத்திலை ஞானஸ்நானம் எடுக்காட்டில் காணியும் இல்லை, பதவியும் இல்லை. மனிசன் ஞாயிற்றுக்கிழமை பிலிப்பு, மற்ற ஆறு நாளும் வேலாயுதர். பெண்சாதியும் அப்பிடித்தான். கோயிலிலை மரியாள், குசினியிலை சின்னாச்சி.”

“அது உங்கடை ஊகம்தானே மாமா?” மாமா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன். அந்த முறையும் இப்போது தகராற்றில்தானே இருந்தது.

அவர் கண்ணாடிச் சட்டத்தில் விரலை வைத்தார். “பதவியோடை ஆலடிவளவின்ரை எல்லையும் இதிலை எழுதிக் கிடக்கு. கிழக்கு எல்லை ஆலமரம். மேற்கு எல்லை ஒழுங்கை. கிணத்திலை அரைப்பங்கு. உங்கடை பிரதியிலை என்ன கிடக்கு?”

எங்கள் பிரதியிலும் கிழக்கு எல்லை ஆலமரம். மேற்கு எல்லை ஒழுங்கை. கிணற்றில் அரைப்பங்கு.

தட்.

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று எனக்குச் சாதகமாக அடித்தது. மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. துக்கப்படுகிறவனுக்கு அதுகூட ஓர் அவமானம்.

வாழைக்குட்டிகள்

தேவகிக்கு நான் வரைபடத்தைப் பார்த்தெழுதிக்கொண்டுபோய்ப் பஸ்ஸில் கொடுத்தேன். எழுத்துக் கோணல். எல்லாப் படியும் அதில் இருந்தது. அவள் விடைத்தாள் திருத்துகிற மாதிரிப் பேனையைத் திறந்துகொண்டு மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலே.

“இதிலை ஒரு பிழை இருக்கு.”

“எங்கை?” என் சத்தத்துக்குக் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“எங்கை எண்டு தெரியாது. ஆனால் பிழை இருக்கு. வேலாயுதர், கந்தர், வேலாயுதர், கந்தர்... இவ்வளவு பேரிலை ஒரு பொம்பிளையும் இல்லை. உங்கடை ஆக்கள் என்ன, வாழைக்குட்டி மாதிரி ஒருத்தருக்குப் பக்கத்திலை ஒருத்தர் முளைச்சவையோ?”

பஸ்ஸில் இருந்தபடியே எனக்கு வேர்த்தது. வகுப்பில் பரம்பரை நோய்களுக்குப் படம் கீறும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று தொண்டை வறளக் கத்துகிறவன் நான். வட்டம் போடாத மாணவனுக்கு ஒரு புள்ளியும் கொடுக்கமாட்டேன். என் சொந்தப் பரம்பரை முழுக்கச் சதுரம். அதைப் பல வருசமாகப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“வட்டத்தைத் தேடுங்கோ” என்றாள் தேவகி. இறங்கும்போது, “கவனம், அண்ணை” என்றும் சொன்னாள்.

பங்கருக்குள் விசாரணை

வட்டத்தைத் தேடி ஆலடிவளவுக்குப் போனேன். அங்கே இருப்பவர் மாமி, அதாவது என் அப்பாவின் ஒரே தங்கை. பெரியப்பாவும் அன்றைக்கு அங்கே வந்திருந்தார். ஆலடிவளவில் நின்றால் அவருக்குக் குரல் இரண்டு மடங்காகும். “இது முதலியார் நடந்த நிலமடா” என்று தொடங்கினார்.

முதலியாருக்கு மேலே ஹெலிகொப்டர் வந்தது.

நாங்கள் மூவரும் பங்கருக்குள் விழுந்தோம். பனங்குற்றி அடுக்கி, மண்மூடை போட்டு, மாமியின் மகன்மார் கட்டிய பங்கர். மாமி அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எங்கேயோ படபடவென்று சுட்டுக் கேட்டது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் என் பல் தந்தியடிக்கும். அன்றைக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்ததால் வாய் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது. பெரியப்பாவும் வெளியே ஓட முடியாது.

“பெரியப்பா, நீங்கள் இப்ப ஆரின்ரை வளவிலை இருக்கிறியள்?”

“இதென்ன கேள்வி? பெரியம்மாவின்ரை. அவவின்ரை சீதனம்.”

“அப்பா இருந்தது?”

“உன்ரை கொம்மாவின்ரை சீதன வளவிலை. உனக்கென்ன, விசர் பிடிச்சிட்டுதே?”

“அப்ப இந்த ஆலடிவளவு?”

“உன்ரை மாமிக்கு, இவவுக்குக் குடுத்தது. ஆலடிவளவு எப்பவும் மூத்த பெட்டைக்குத்தான். அது எங்கடை குடும்ப வழக்கம். ஒரு காலத்திலும் ஆம்பிளைப் பிள்ளைக்கு எழுதினதில்லை.” இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சை நிமிர்த்தினார். பனங்குற்றியில் தலை இடித்தது.

“அப்ப அப்பு எப்பிடி இஞ்சை இருந்தவர்?”

“அப்பு ஆச்சியைக் கட்டினபடியால் இருந்தவர்.”

“ஆச்சி இந்த வளவிலை பிறந்தவ?”

“ஓம்.”

“அப்பு?”

பெரியப்பா பனங்குற்றியை அண்ணாந்து பார்த்தார். மேலே ஹெலிகொப்டர் ஒருதரம் சுற்றி வந்தது. மாமிதான் கோழியைத் தடவிக்கொண்டு பதில் சொன்னார்.

“அப்பு கொக்குவில் பக்கத்து ஆளெல்லோ. கலியாணம் முடிச்சுத்தான் இஞ்சை வந்தவர். ஆச்சியின்ரை அப்புவும் வெளியிலையிருந்து வந்த ஆள்தான். இந்த வளவிலை பிறந்த ஆம்பிளை ஒருத்தரும் இந்த வளவிலை கிழவனாகினதில்லை. எல்லாரும் கட்டிக்கொண்டு போறவை. கிழவனாகிறது வந்து சேந்த ஆக்கள். காணி உறுதியெல்லாம் பொம்பிளையளின்ரை பேரிலைதான் கிடக்கு. எடுத்துக் காட்டட்டோ?”

ஏணி கண் முன்னாலே கழன்று விழுந்தது. தோம்பில் பதிந்திருந்தது வளவில் இருந்த ஆம்பிளைகளின் பெயர். வேலாயுதர் இருந்தார், அவருக்குப் பிறகு கந்தர் இருந்தார் என்பது சரி. கந்தர் வேலாயுதரின் மகன் இல்லை. மருமகன்! அவருக்குப் பிறகு வந்த வேலாயுதர், கந்தருடைய மருமகன்! மாமனும் மருமகனுமாக இறங்கிய வரிசையை அப்பாவும் மகனுமாக வாசித்துவிட்டார்கள். பெயரும் ஒன்றுவிட்டு ஒன்று ஒத்துவந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி ஒத்துவராமல் இருக்கும்? ஊரில் இருந்ததே அந்த இரண்டு பெயர்தானே! எங்கிருந்து மாப்பிள்ளை எடுத்தாலும் கந்தர், இல்லாவிட்டால் வேலாயுதர்.

“பெரியப்பா, நாங்கள் முதலியாரின்ரை மகன் வழி இல்லை! மகள் வழி! அதுக்குப் பிறகும் மகள், மகள், மகள்! ஆம்பிளை வழி முதல் படியிலையே அறுந்துபோச்சு!” என்று கத்தி மாமியைக் கட்டிப்பிடித்தேன். கோழி என் கையைக் கொத்தியது. அதையும் கட்டிப்பிடித்தேன்.

பெரியப்பா மண்மூடையில் சாய்ந்து இருந்தார். ஹெலிகொப்டர் போய்க் கனநேரமாகியும் அவர் வெளியே வரவில்லை. நான் குனிந்து பார்த்தபோது சொன்னார்:

“முப்பது வருசமாய் அந்தாளின்ரை பேரைச் சொல்லித்தானே நான் நாலு பேருக்கு முன்னாலை எழும்பி நிண்டனான்.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சுவரில் கிடந்த படம்

ஒரு கிழமைக்குப் பிறகு மறுபடி அதே விறாந்தை. அதே வடை. நான் தொடவில்லை.

பெரியப்பா தாள் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு அவரைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. போஸ்ட்மாஸ்டரும் அவருடைய பெண்சாதியும் எதிரே கதிரையில். இந்த முறை தேவகி சீலைக்குப் பின்னால் இல்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவள் கை நிலைச்சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அவளுக்கும் பயம் வரும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பெரியப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பி நின்றார். இருந்துகொண்டே சொல்லியிருக்கலாம்.

“போஸ்ட்மாஸ்டர், என்ரை படத்திலை பிழை. நாங்கள் முதலியாரின்ரை ஆம்பிளை வழி இல்லை. மகள் வழி. ஆலடிவளவிலை இருந்தவை எல்லாரும் வந்து சேந்த மருமக்கள். என்ரை அப்புவும்.” தேவகியைப் பார்த்தார். “உங்கடை பிள்ளைக்கு இவன் அண்ணன் இல்லை.”

என் வாழ்க்கையில் பெரியப்பாவை நான் அவ்வளவு உயரமாகக் கண்டதில்லை. எழும்பிப் போய்க் காலில் விழவேண்டும் போல இருந்தது.

போஸ்ட்மாஸ்டரின் முகம் மலர்ந்தது. எங்கள் கலியாணத்துக்காக அல்ல. “அப்ப ஆம்பிளை வழி எண்டு நிக்கிறது நாங்கள் மட்டும்தான்!” தட்.

“நாங்களோ?” என்று கேட்டார் அவருடைய பெண்சாதி.

அதுவரை அந்த மனுசி எங்களோடு ஒரு வசனம் பேசியதில்லை.

“ஓம், வேறை ஆர்? சின்னத்தம்பியர் வழி!”

“இஞ்சாருங்கோ, அந்தக் கண்ணாடிப் படம் நான் கலியாணம் முடிக்க முந்தியே இந்தச் சுவரிலைதான் கிடந்தது. நீங்கள் கொடிகாமத்திலையிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியோடை வந்தனியள். பெட்டிக்குள்ளை ரெண்டு வேட்டியும் ஒரு சவரப்பெட்டியும். முதலியார் ஒருத்தரும் இருக்கேல்லை.”

மனுசி சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

“சின்னத்தம்பியர் என்ரை அம்மாவின்ரை ஆக்களின்ரை வழி. நானும் இவ்வளவு நாளும் சொல்லேல்லை. மனிசன் ஆசைப்படுது, போகட்டும் எண்டு விட்டனான்.”

போஸ்ட்மாஸ்டர் சட்டத்தைப் பார்த்தார். பெண்சாதியைப் பார்த்தார். “கொடிகாமத்திலையும் ஒரு வேலாயுதர் இருந்தவர்” என்றார் மெல்ல.

“எல்லா ஊரிலையும் இருந்தவர்” என்றார் பெரியப்பா, கையை அவர் தோளில் வைத்து. முதலியாரை இழந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அண்ணன் தம்பி மாதிரியே இருந்தது.

அதற்குப் பிறகு நானும் தேவகியும் சரியாக என்ன முறை என்று கணக்குப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. “ஆம்பிளை வழி அறுந்துபோச்சு. அது காணும்” என்றார் போஸ்ட்மாஸ்டர். மேசையைத் தட்டக் கையைத் தூக்கினார். பிறகு பெண்சாதியைப் பார்த்தார். மனுசி சரியென்று தலையை ஆட்டினார்.

தட்.

நான் வடையை எடுத்தேன். தேவகி கதவு நிலையில் நின்றபடி, வேறு ஒருவருக்கும் கேட்காமல் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, மென்று சாப்பிடுங்கோ.”

பெண்சாதிமார் புருசனைக் கூப்பிடுகிற மாதிரி அவள் என்னைக் கூப்பிட்ட முதல் தரம் அது.

மழை

பல வருசங்களுக்குப் பிறகு, ஆமி முன்னேறி வர, ஓர் ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்து வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சிக்கு நடந்து வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அதற்குப் பகிடி எனக்குத் தெரியாது.

நான் அப்போது தேவகியின் சீதன வீட்டில், அதே விறாந்தை உள்ள வீட்டில், வந்து சேர்ந்த மருமகனாக இருந்தேன். விடிந்தபோது வாசல் படலையில் பெரியப்பா, பெரியம்மா, மாமி மூவரும் தெப்பமாக நனைந்து நின்றார்கள். மாமியின் மடியில் உறுதிப் பை. பெரியப்பாவின் கக்கத்தில் யூரியாப் பையில் சுற்றிய வரைபடம். மாற்றிக் கட்டச் சாரம் ஒன்றுகூட இல்லை.

பைக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. விரித்துப் பார்த்தால் வேலாயுதர் கந்தருக்குள் கரைந்து, கந்தர் அடுத்த வேலாயுதருக்குள் வழிந்து, சிவப்பு முதலியார் எல்லோர் தலையிலும் பரவிக் கிடந்தார்.

மழை விட்ட ஒருநாள் பெரியப்பா பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் புதுப் படம் கீறத் தொடங்கினார். முதலில் ஒரு பெரிய வட்டம்.

“ஆலடிவளவு எண்டு முதல் எழுதுவம். பேந்து ஆக்களை எழுதுவம். வளவு இப்ப ஆரிட்டை, தங்கச்சி?”

“ஆமியிட்டை” என்றார் மாமி. “கொஞ்ச நாளைக்கு ஆம்பிளையளிட்டை இருக்கட்டும். முதல் தரம்தானே.”

பெரியப்பா சிரிக்கப் போய்ச் சிரிக்காமல், வட்டத்தின் மேல் பேனையை இன்னொரு தரம் ஓட்டினார். மை தடித்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, இந்த வீட்டையும் எழுதிவிடுவம்” என்று புதுப் பக்கம் எடுத்தார். இந்த வீட்டில் இருந்தவர்கள் ஆர் என்று கேட்டார். போஸ்ட்மாஸ்டரின் பெயரை எழுதினார். அதற்கு நேர் கீழே என் பெயரை எழுதினார். பிறகு இரண்டுக்கும் இடையில் பேனையை வைத்து ஒரு கோடு இழுக்கத் தொடங்கினார்.

எனக்கு உச்சியிலிருந்து வேர்த்தது. இன்னும் இருநூறு வருசத்தில் ஒரு விசரன் இதைக் கையில் எடுப்பான். மேலே போஸ்ட்மாஸ்டர், கீழே நான், பக்கத்தில் தேவகி.

“ஐயோ பெரியப்பா, கோட்டை நேரே போடாதேங்கோ! மருமகன் எண்டு எழுதுங்கோ! பெரிசாய் எழுதுங்கோ!”

குசினிக்குள்ளிருந்து தேவகியின் குரல் வந்தது.

“அண்ணை, தேத்தண்ணி ஆறுது.”